கருவண்டுக்கு மானியம் உண்டா?

அன்புள்ள அண்ணா,

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் நாங்கள் ஏழு பேர், வேலைக்குப் போய்க்கொண்டே, சனி ஞாயிறுகளில் விவசாயிகளிடம் தேனீக்களைப் பற்றிப் பேசி வருகிறோம். போன வருஷம் நன்கொடை திரட்டி, காய்கறித் தோட்டங்களுக்கு 20 தேன்பெட்டிகள் இலவசமாகக் கொடுத்தோம். இன்று நான்கில்தான் தேனீ இருக்கிறது. உலகின் உணவுப் பயிர்களில் முக்கால் பங்குக்கு மகரந்தச் சேர்க்கை செய்யும் உயிர்கள் தேவை என்று சொல்கிறோம். தேனீ அழிந்தால் நான்கே வருஷத்தில் மனிதனும் அழிவான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதையும் சொல்கிறோம். சிரிக்கிறார்கள். மருந்தடிப்பதையும் நிறுத்தவில்லை. இவர்களிடம் எப்படி விழிப்புணர்வை ஏற்படுத்துவது? அடுத்த வருஷம் பெட்டிகளை ஐம்பதாக்கலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் ஐன்ஸ்டைனை விட்டுவிடுங்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு சான்றும் கிடையாது. முக்கால் பங்கு கணக்கு சரிதான். ஆனால் அது பயிர்களின் வகைக் கணக்கு, மூட்டைக் கணக்கு அல்ல. நெல்லுக்குத் தேனீ வேண்டாம். நெல் போடுகிறவரிடம் போய் இதைச் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்? அப்புறம் அந்த விழிப்புணர்வு. விடிய நான்கு மணிக்கு மோட்டார் போட எழுந்திருக்கிற மனிதரை, சனிக்கிழமை பத்து மணிக்குப் போய் விழிக்க வைக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த 16 காலிப் பெட்டிகள்தான் என்னை எழுத வைத்தன.

எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்குத் தெற்கே. அங்கே தேன்பெட்டி யாருக்கும் புதுமை இல்லை, 1920களிலேயே ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் சொல்லிக்கொடுத்த தொழில். தை, மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும். ஆமாம், பூவில் அல்ல, இலையில். அப்பா 30 பெட்டி வைத்திருந்தார். 1991, 92இல் தாய்லாந்துப் பெயர் கொண்ட அந்த வைரஸ் நோய் வந்தது. பெட்டிக்குள் புழுக்கள் நீர் கோத்த பைபோல உப்பிச் செத்துக் கிடக்கும். அப்பா ஈர்க்குச்சியால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. தென்னிந்தியா முழுக்க, பெட்டியில் வளர்க்கிற அடுக்குத்தேனீயின் குடும்பங்களில் பெரும்பாலானவை அப்போது அழிந்தன. கடைசிப் பெட்டியும் ஓய்ந்த அன்று “போச்சுலே மக்கா” என்றார். அவ்வளவுதான். அம்மா ஒரு பெட்டியில் நல்லமிளகு போட்டு வைத்தாள்.

புறக்கடையில் எட்டு மூடு வழுதலை நின்றது. வழுதலை என்றால் கத்தரிதான். தேனீ போய்விட்டதால் இனி காய்க்காது என்று நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே சொல்லித்தந்தார்கள். காய்த்தது. வழக்கம்போலவே காய்த்தது. எப்படி என்று பார்க்க ஒருநாள் வகுப்புக்கு மட்டம் போட்டு உட்கார்ந்தேன். பெரிய கருவண்டு ஒன்று வந்தது. வண்டு என்கிறோமே தவிர, அதுவும் தேனீ இனம்தான். பூவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு உறுமியது. பறக்கிற சத்தம் வேறு, அந்த உறுமல் வேறு. கத்தரிப் பூவில் மகரந்தம் குழாய்க்குள் அடைந்து கிடக்கிறது, நுனியில் சின்னத் துளை. காற்றில் கொஞ்சம் உதிரும். நன்றாக உதிர வேண்டுமென்றால் யாராவது பிடித்து உலுக்க வேண்டும். தக்காளிக்கும் அதேதான். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

கத்தரியும் தக்காளியும் லாரி லாரியாகப் போகிற ஊரில் இருந்துகொண்டு நீங்கள் பெட்டி கொடுத்திருக்கிறீர்கள்!

அந்த வண்டு எங்கள் புடலைப் பந்தலின் காய்ந்த மூங்கிலைத் துளைத்துக் குடியிருந்தது. கீழே மரத்தூள் உதிர்ந்து கிடக்கும். அப்பா கழியை மாற்றப் போனார். “கிடக்கட்டும், இந்த வருஷம் தாங்கும்” என்றாள் அம்மா. வண்டின் மேல் பிரியமெல்லாம் இல்லை, புதுக் கழிக்குக் காசில்லை. இன்னும் எத்தனையோ தேனீக்கள் கூட்டமே சேராது. தனியாக வரப்பு மண்ணில் விரல் பருமன்கூட இல்லாத வளை தோண்டி முட்டையிடும். அந்த வரப்பில்தான் இன்று களைக்கொல்லி. தும்பையும் இல்லை, நாயுருவியும் இல்லை. பட்டமரம் நின்றால் அதையும் வெட்டி அடுப்புக்கு. வீட்டை இடித்தவனுக்கே இலவசமாகப் பெட்டி.

சர்க்காரும் உங்களைப்போலத்தான். தேனீ வளர்ப்புக்கு 2020இல் 500 கோடி ரூபாய் அறிவித்தார்கள். பெட்டிக்கு மானியம் உண்டு. காய்ந்த மூங்கிலை அப்படியே விட்டால் யார் மானியம் தருகிறார்கள்? பெட்டியைப் படம் எடுக்கலாம், நன்கொடை தந்தவருக்கு அனுப்பலாம். புல் முளைத்த வரப்பைப் படம் எடுத்து அனுப்பினால் ‘சோம்பேறி’ என்பார்கள்.

பெட்டிகள் ஏன் காலியாயின என்று நீங்கள் கேட்கவே இல்லை. கோடையில் பூ இல்லாவிட்டால் அடுக்குத்தேனீ குடும்பத்தோடு கிளம்பிவிடும். அதன் குணம் அது. பெட்டி வீடுதான், சோறு இல்லையே.

மருந்து விஷயம். ‘மாலையில் அடியுங்கள்’ என்று துண்டறிக்கை போட்டிருப்பீர்கள். பூசணிக்குச் சரி, காலையில் விரிந்து உச்சிக்குள் கூம்பிவிடும். பீர்க்கும் சுரையும் அந்தியில்தான் விரிகின்றன. அவற்றுக்கு மாலையில் அடித்தால், பூ விரிகிற நேரம் பார்த்து விஷம் வைத்த மாதிரி. பயிரைக் கேட்டுக்கொண்டு நேரம் சொல்லுங்கள். அடிக்கவே கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். காய்ப்புழு துளைத்த கத்தரியை மண்டியில் ஓரமாகத் தள்ளுவார்கள். குத்தகைப் பணமும் மருந்துக்கடைக் கடனும் இருக்கிற மனிதர் அந்த நஷ்டத்தைத் தாங்க வேண்டும், நீங்கள் ஞாயிறு மாலை பஸ் ஏறிவிடுவீர்கள்.

வரப்பில் களைக்கொல்லி ஏன் அடிக்கிறார்கள் தெரியுமா? தேனீயின் மேல் பகையாலா? அரிவாள் பிடிக்க ஆள் இல்லை, வந்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. ஐம்பது பெட்டிக்குத் திரட்டுகிற பணத்தை அந்தக் கூலிக்குக் கொடுங்கள். ஊருக்கெல்லாம் வேண்டாம். அடுத்தடுத்துத் தோட்டம் உள்ள ஐந்து பேர் போதும். ஒருவர் வரப்பை விட்டு, பக்கத்துக்காரர் அடித்தால் பிரயோசனம் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை அறுத்துவிடட்டும், பாதி பாதியாக, ஒரு பக்கம் பூத்து முடிந்தபின் மறுபக்கம். பழைய பந்தல் கழிகளை எரிக்காமல் மழை படாத மூலையில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். கூலியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அறுத்த பிறகு தருகிறேன் என்றால் நம்பமாட்டார்கள், நானும் நம்பமாட்டேன்.

அந்த 16 பெட்டிகளைத் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். மோட்டார் ரூமில் ஸ்பானர் போட்டு வைத்திருப்பார்கள்.