பழைய டிராக்டருக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க எந்த யூரித்தேன் நல்லது?

சிங்கிள் ஸ்டேஜ் டூ-கே யூரித்தேன் வாங்குங்கள். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இந்தப் பெயிண்டில் நிறமும் பளபளப்பும் சேர்ந்தே வந்துவிடும். பேஸ் கோட் (நிறப்பூச்சு) அடித்து மேலே கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடிப்பது மெட்டாலிக் நிறங்களுக்குத்தான் அவசியம்; டிராக்டர் நிறங்கள் பெரும்பாலும் சாலிட், அதாவது மினுமினுப்புத் துகள் இல்லாதவை. வேலை செய்யும் வண்டியில் கிளியர் ஓரிடத்தில் பெயர்ந்தால் அங்கிருந்து உரிந்துகொண்டே போகும். சிங்கிள் ஸ்டேஜில் கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்து அடித்து, பாலிஷ் போட்டுவிடலாம்.

ஆனால் வேலை நிலைப்பதும் கெடுவதும் அடித்தளத்தில்தான். தின்னரில் நனைத்த துணியைப் பழைய பெயிண்ட் மேல் ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். பெயிண்ட் இளகினாலோ சுருங்கினாலோ, புதுப் பெயிண்டில் உள்ள தின்னரும் அதையே செய்யும். அப்போது இரும்பு தெரியும்வரை எடுத்துவிட்டு எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிப்பதுதான் சரி. கியர்பாக்ஸ் போன்ற வார்ப்பிரும்புப் பாகங்களில் எண்ணெய் ஊறிப்போயிருக்கும். எமரி பேப்பரை எடுப்பதற்கு முன்பே கிரீஸ் ரிமூவரால் துடையுங்கள். ஈரம் காய்வதற்குள் வேறு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். முதலில் தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கி, பெயிண்ட் அங்கே ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகிக் குழி விழும்.

பெயிண்ட், ஹார்ட்னர், தின்னர் மூன்றும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கட்டும். கலவை 4:1:1 என்று போட்டிருந்தால் 800 மி.லி. பெயிண்டுக்கு 200 ஹார்ட்னர், 200 தின்னர். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டாதீர்கள். வெயில் காலத்தில் மெதுவாகக் காயும் ஸ்லோ தின்னர் வேண்டும். இல்லையென்றால் பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். ஹார்ட்னர் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பிக் குமிழி விடும். ஆகவே கம்ப்ரசர் லைனில், காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் வாட்டர் டிராப் கட்டாயம். டப்பாவில் கெட்டிப்பட்ட ஹார்ட்னரைத் தொடாதீர்கள்.

400 நம்பர் பேப்பரில் தேய்த்து முடித்து, ஸ்பிரே கன்னில் 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசில் போட்டு முதலில் லேசாக ஒரு கோட், பிறகு நிறைவாக இரண்டு. நடுவே 10–15 நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டால் தின்னர் அடியில் சிக்கி ஊசிக்குத்துத் துளைகள் வரும். சைலன்சருக்கு மட்டும் வெப்பம் தாங்கும் தனிப் பெயிண்ட்.

ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆபத்து. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சுத்திணறும். தூசி மாஸ்க் இதற்கு உதவாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மாஸ்க், கையுறை, முழு உடை வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஸ்பிரே பூத் உள்ள பட்டறையில் கொடுங்கள், அல்லது ஹார்ட்னர் சேர்க்காத சிந்தெடிக் எனாமலைப் பிரஷ்ஷில் அடியுங்கள். எனாமலுக்கென்று தனியாக விற்கும் ஹார்ட்னர்களிலும் ஐசோசயனேட் இருப்பதுண்டு, லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.