எந்த வகுப்பு, எந்தப் பாடத்திட்டம்? படிப்புக்கான இணையதளங்கள்: வாசகர் கேள்வி-பதில்

பள்ளி திறந்த முதல் மாதத்தில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: "நல்ல வெப்சைட் ஒன்று சொல்லுங்கள்." பள்ளி நூலகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், யாருக்கு, எந்தப் பாடத்துக்கு என்று திரும்பக் கேட்காமல் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் மகளும் கடலூரில் இருக்கும் என் அண்ணன் மகளும் பத்தாம் வகுப்பு. அண்ணி அன்போடு தினமும் லிங்க் அனுப்புகிறார். ஆனால் என் மகள், "இதெல்லாம் எங்களுக்கு இல்லை" என்கிறாள். உண்மையா, சாக்கா? (ஒரு தாய், பாகூர்)

உண்மைதான் அம்மா. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டிலிருந்து மேல்வகுப்புகளையும் சிபிஎஸ்இக்கு மாற்றத் தொடங்கின. அதற்கு முன்பு எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தமிழ்நாட்டுப் புத்தகம்தான். அக்காள் புத்தகம் தங்கைக்கு, அத்தை பிள்ளை நோட்டு மாமா பிள்ளைக்கு என்று பேருந்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது நடக்காது.

ஓர் உதாரணம். தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒரு முழுப் பாடம். சிபிஎஸ்இ பிள்ளைகள் படிக்கும் புத்தகங்களை வெளியிடும் என்சிஇஆர்டி 2022இல் பாடங்களைக் குறைத்தபோது, தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டது. உங்கள் அண்ணன் மகள் அதைக் கரைத்துக் குடிக்க வேண்டும். உங்கள் மகள் தேர்வுக்காக அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிபிஎஸ்இ என்று போட்டிருக்கும் பழைய தளங்கள் பலவற்றில் நீக்கிய பாடங்கள் அப்படியே கிடக்கின்றன. ஆறாம் வகுப்புக்கு 2024இலும், ஏழு, எட்டுக்கு 2025இலும் புத்தகமே புதிதாக வந்துவிட்டது. அதனால் குறிப்பு எந்த ஆண்டுக்கானது என்று முதலில் பாருங்கள்.

உங்கள் மகளுக்குப் புத்தகம் என்சிஇஆர்டி டாட் என்ஐசி டாட் இன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாதிரி வினாத்தாள் சிபிஎஸ்இஅகடமிக் டாட் என்ஐசி டாட் இன் தளத்தில் இருக்கிறது. வினாத்தாளோடு மதிப்பெண் வழங்கும் முறையையும் அங்கேயே தருகிறார்கள்; எந்த வரிக்கு எத்தனை மார்க் என்று அதில் பார்க்கலாம். அண்ணன் மகளுக்குத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் டெக்ஸ்ட்புக்கார்ப் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். புதுச்சேரியில் எல்லாத் தனியார் பள்ளியும் ஒரே பாடத்திட்டம் இல்லை என்பதால், அக்கம்பக்கத்துக்குச் சொல்லும்போது புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அறிவியல் புத்தகத்தில் க்யூஆர் கோடு மழையில் நனைந்து அழிந்துவிட்டது. ஸ்கேன் ஆகவில்லை. (எட்டாம் வகுப்பு மாணவன், மஞ்சக்குப்பம்)

கட்டத்துக்குக் கீழே உற்றுப் பார் தம்பி. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு எழுத்துகள் சின்னதாக அச்சாகியிருக்கும். மத்திய அரசின் பாடத் தளமான தீக்‌ஷா செயலியிலோ தளத்திலோ அந்த ஆறையும் தட்டினால் அதே பாடம் திறக்கும். அதுவும் அழிந்திருந்தால் பாடநூல் கழகத் தளத்தில் உன் புத்தகத்தின் பிடிஎஃப் இருக்கிறது. அதைக் கணினித் திரையில் திறந்து, திரையையே போனில் ஸ்கேன் செய்யலாம்.

ஒரு தளம் நல்லதா, மோசமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளைகளுக்கு அனுப்புவதற்கே பயமாக இருக்கிறது. (டியூஷன் ஆசிரியை, நெல்லிக்குப்பம்)

உங்கள் பயம் நியாயமானது. முதலில் முகவரியின் வாலைப் பாருங்கள். ஜிஓவி டாட் இன், என்ஐசி டாட் இன் என்று முடிந்தால் அரசுத் தளம். ஏசி டாட் இன் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் தரப்படுவது. டாட் காம், டாட் இன், டாட் ஓஆர்ஜி மூன்றையும் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஓஆர்ஜி என்றால் தொண்டு நிறுவனம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. டாட் காம் எல்லாம் மோசம் என்றும் சொல்லமாட்டேன், அருமையான ஆசிரியர்கள் சொந்தக் காசில் நடத்தும் தளங்கள் உண்டு. அங்கே யார் எழுதுகிறார், எந்த ஊர், எந்தப் பள்ளி என்று "எங்களைப் பற்றி" பக்கத்தில் பாருங்கள். பெயரே இல்லையென்றால் நான் தள்ளிவைத்துவிடுவேன்.

அப்புறம், பிள்ளையின் கண்ணால் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு விடைகள் என்று ஒரு பக்கத்தைத் திறக்கிறீர்கள். நடுவில் பெரிய பச்சைப் பட்டனில் "டவுன்லோட்" என்று இருக்கும். அது விளம்பரம். அதற்குக் கீழே இன்னொரு பச்சைப் பட்டன், அதுவும் விளம்பரம். உண்மையான கோப்பு எங்கோ அடியில் மெல்லிய நீல எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். நமக்குப் பழகிவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளை முதல் பச்சையைத்தான் அழுத்தும். அது ஏதோ ஒரு செயலியை இறக்கச் சொல்லும், இல்லையென்றால் போன் நம்பர் கேட்கும். ஒரு வினாத்தாள் பார்க்க நம்பர் எதற்கு? கேட்கும் தளத்தை அனுப்பாதீர்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பழைய வினாத்தாள்கள் இருந்த ஒரு தளத்தை மூன்று வகுப்புகளுக்கு அனுப்பினேன். அப்போது நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டும் திறந்து பார்க்காமல் அதே செய்தியை அப்படியே ஃபார்வர்டு செய்தேன். மாலையில் ஒரு பெற்றோர் அழைத்தார்: "சார், பையன் திறந்தால் சீட்டாட்டம் வருகிறது." அந்த முகவரியைப் பழைய ஆள் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார், வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டபோது எனக்குக் குரலே வரவில்லை. அன்றிலிருந்து, நேற்று பார்த்த தளமாக இருந்தாலும், இன்று ஒருமுறை திறந்து பார்க்காமல் அனுப்புவதில்லை.

எங்கள் பள்ளியில் ஆய்வகம் சிறியது. சோதனைகளை வீட்டிலேயே பார்த்துப் பழக ஏதாவது இருக்கிறதா? (பதினொன்றாம் வகுப்பு மாணவி, வில்லியனூர்)

நிறைய இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான். முதலில் பெட் (PhET) என்ற தளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கியது. மின்சுற்று, ஊசல், அமிலம்-காரம் என்று ஒவ்வொன்றையும் திரையிலேயே கட்டி, மாற்றி, கெடுத்துப் பார்க்கலாம். சில பயிற்சிகள் தமிழிலும் உண்டு. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். சிபிஎஸ்இ செய்முறைகளுக்கென்றே அம்ருதா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கும் சேர்ந்து உருவாக்கிய ஓலேப்ஸ் தளம் இருக்கிறது. அதில் செய்முறை, காணொளி, வைவா கேள்வி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கணக்குக்கு, வடிவங்களையும் வரைபடங்களையும் திரையில் வரைந்து பார்க்கும் ஜியோஜீப்ரா.

பயன்படுத்தும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மின்சுற்றுப் பயிற்சியில் பல்பு ஒன்று எரிகிறது. தொடரிணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் வெளிச்சம் கூடுமா, குறையுமா? சேர்ப்பதற்கு முன்பு நோட்டில் உன் பதிலை எழுது. அப்புறம் சேர்த்துப் பார். எழுதாமல் இழுத்து விளையாடினால் அரை மணி நேரம் ஓடியிருக்கும், ஒன்றும் மனதில் நிற்காது. கையால் செய்து பார்க்க ஆசையிருந்தால் அரவிந்த் குப்தாவின் தளத்துக்குப் போ. தீப்பெட்டி, ஸ்ட்ரா, பழைய சைக்கிள் டியூப் என்று வீட்டுக் குப்பையிலேயே அறிவியல் பொம்மை செய்யக் கற்றுத்தருகிறார்.

தமிழ்வழி படிக்கிறேன். தமிழில் தேடினால் சரியாக எதுவும் வருவதில்லை. (ஒன்பதாம் வகுப்பு மாணவன், குறிஞ்சிப்பாடி)

இதற்கு இரண்டு காரணங்கள். பழைய தமிழ்க் கோப்புகள் பல, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு இல்லாத எழுத்துருக்களில் இருக்கின்றன. நம் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு வெறும் கிறுக்கல். இரண்டாவது, கலைச்சொல். உன் புத்தகத்தில் பாட இறுதியிலோ கடைசிப் பக்கங்களிலோ தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பட்டியலைப் பார். ஆங்கிலச் சொல்லைத் தட்டி, அதோடு "தமிழ்" என்று சேர்த்துத் தேடு. விக்சனரி என்ற இணைய அகராதியும் உதவும்.

பலரும் கவனிக்காத ஒரு புதையல் இலங்கையில் இருக்கிறது. அங்கே கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்வழிப் பாடநூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, விளக்கங்களும் தெளிவானவை. ஆனால் சொற்கள் வேறு. நாம் முடுக்கம் என்பதை அவர்கள் ஆர்முடுகல் என்பார்கள். தனிமம் அங்கே மூலகம், ஒளிச்சேர்க்கை அங்கே ஒளித்தொகுப்பு, ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன். புரிந்துகொள்ள அதைப் படி. தேர்வில் உன் புத்தகச் சொல்லையே எழுது. இரண்டு சொல்லையும் ஒரு நோட்டில் எதிரெதிரே எழுதி வைத்தால் தமிழும் வளரும்.

மகள் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. (ஒரு தந்தை, லாஸ்பேட்டை)

டிவி5மோந்த் நிறுவனத்தின் பிரெஞ்சு கற்கும் தளம் இலவசம். பயிற்சிகள் ஏ1 முதல் பி2 வரை நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பள்ளியில் தொடங்குபவருக்கு ஏ1 போதும். கொஞ்சம் தேறியதும் பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தியைக் கேட்கச் சொல்லுங்கள். பேசுவதை எழுத்திலும் தருகிறார்கள். அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும்.

பேரன் நான்காம் வகுப்பு. போனில் வீடியோதான் பார்க்கிறான். படிக்க வைக்க முடியுமா? (ஒரு தாத்தா, கடலூர் முதுநகர்)

முடியும் ஐயா. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படத்தோடு தமிழ்க் கதைகள் இருக்கின்றன, படிப்பு நிலை வாரியாக. இரவில் நீங்கள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் என்று மாறி மாறிப் படியுங்கள்.

அரிக்கமேடு பற்றி ஐந்து பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்கிறோம். எல்லாத் தளத்திலும் ஒரே நான்கு பத்திதான் இருக்கிறது. (ஒன்பதாம் வகுப்பு மாணவிகள், அரியாங்குப்பம்)

ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை அவை. ஊற்றுக்குப் போங்கள். 1945இல் அங்கே அகழாய்வு செய்தவர் மார்டிமர் வீலர். அவருடைய அறிக்கை தொல்லியல் துறையின் "ஏன்ஷியன்ட் இந்தியா" இதழின் இரண்டாம் எண்ணில், 1946இல் வந்தது. ஆசிரியர் உதவியோடு, பழைய நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் தேடுங்கள். அவருக்குப் பின் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் கசால், வீராம்பட்டினம் என்ற பெயரையும் சேர்த்தே எழுதினார். எனவே அந்தப் பெயரில் தேடினால் வேறு பக்கங்கள் கிடைக்கும். தேடல் சொல்லுக்குப் பின் ஆங்கிலத்தில் "சைட்" என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஜிஓவி டாட் இன் சேர்த்தால் அரசுத் தளங்கள் மட்டும் வரும். அப்புறம் போனை வைத்துவிட்டு, ஐந்து பேரும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே இருக்கும் அரிக்கமேட்டுப் பானை ஓடுகளை வரைந்துகொண்டு வாருங்கள். அந்தப் படம் வேறு எந்தக் குழுவிடமும் இருக்காது.

ரிசல்ட் நாளில் வாட்ஸ்அப்பில் பத்து லிங்க் வருகிறது. எது சரி? (சிதம்பரம்)

தமிழ்நாட்டுக்கு டிஎன்ரிசல்ட்ஸ் டாட் என்ஐசி டாட் இன், டிஜிஇ டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். ஓடிபியோ பணமோ கேட்டால் மூடிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது லிங்க், யாரும் திறப்பதில்லை. என்ன செய்யலாம்? (ஒரு பெற்றோர், திருப்பாதிரிப்புலியூர்)

வாரத்துக்கு மூன்று என்று குறைத்துவிடுங்கள். வெறும் லிங்க் வேண்டாம், மேலே இரண்டு வரி கட்டாயம் என்று சொல்லுங்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "பத்தாம் வகுப்பு, தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், தமிழ்வழி. ஒளியியல் பாடத்துக்குப் படவிளக்கம், 12 நிமிடம். இலவசம், பதிவு செய்ய வேண்டாம். இன்று காலை திறந்து பார்த்தேன்." இதைப் படித்தாலே தன் பிள்ளைக்கு வேண்டுமா, வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

பாடப்புத்தகத்தைக் கோப்பாக அனுப்பாமல் தள முகவரியாகவே அனுப்புங்கள். கோப்பு பழையதாகி, போன் போனாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். தனியார் கைடுகளை ஸ்கேன் செய்து போடுவதையும் அனுமதிக்காதீர்கள். ஒருவர் உழைப்பு அது. நல்ல லிங்குகளை ஒரே செய்தியாகத் தொகுத்து மேலே பின் செய்யுங்கள். மாதம் ஒருமுறை ஒருவர் ஒவ்வொன்றாகத் திறந்து, செத்துப்போனதை எடுத்துவிட வேண்டும்.

உங்கள் வகுப்பில் ஸ்மார்ட்போன் இல்லாத வீடு எத்தனை என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவர்களுக்காக அந்த மாதப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒன்றை வகுப்பறைச் சுவரிலும் ஒன்றைப் பக்கத்து நூலகப் பலகையிலும் ஒட்டுங்கள். நூலகத்தில் கணினி இருந்தால், சனிக்கிழமை காலை ஒரு பெற்றோர் அந்தப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்.