777 கொடுத்தும் ‘பெர்மிஷன் டினைடு’ வருவது ஏன்?

கேள்வி: உபுண்டு சர்வரில் என் ஹோம் டைரக்டரிக்குள் ஒரு வலைத்தளம் வைத்திருக்கிறேன். ஃபைலுக்கு 777 (எல்லோருக்கும் படிக்க, எழுத, இயக்க அனுமதி) கொடுத்தும் என்ஜின்எக்ஸ் (வலை சர்வர் மென்பொருள்) லாகில் ‘13: பெர்மிஷன் டினைடு’ என்றே வருகிறது. பின்னணியில் ஓடும் ஒரு ப்ராசஸை ‘கில் -9’ கொடுத்து நிறுத்தினால், சில நொடிகளில் மறுபடி எழுந்துவிடுகிறது. என்ன செய்ய?

பதில்: முதலில் அந்த 777-ஐ 644-ஆக (உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டும்) மாற்றுங்கள். இப்போதைய நிலையில், அந்த ஃபைலை எட்டக்கூடிய எந்தப் பயனரும் அதைத் திருத்தலாம். பிரச்சினையும் தீரவில்லை, ஆபத்துதான் கூடியிருக்கிறது.

ஃபைலைப் பார்ப்பதற்கு முன், அதைத் திறக்க வருவது யார் என்று பாருங்கள். ‘பிஎஸ் ஏயூஎக்ஸ்’ கொடுத்தால் தெரியும்: என்ஜின்எக்ஸின் மாஸ்டர் ப்ராசஸ் ரூட் (நிர்வாகி) பெயரில் இருக்கும். ஆனால் பக்கத்தை எடுத்துத் தருபவை அதன் வொர்க்கர் ப்ராசஸ்கள். உபுண்டுவில் அவை ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற பயனராக ஓடுகின்றன. ‘சூடோ -யூ’ கொண்டு அந்தப் பயனராகவே ஃபைலைத் திறந்து பாருங்கள். அதே பிழை வந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து ‘நேம்ஐ -எல்’ கட்டளையுடன் ஃபைலின் முழுப் பாதையைக் கொடுங்கள். வழியிலுள்ள ஒவ்வொரு டைரக்டரியின் அனுமதியும் வரிசையாக வரும். எல்லாவற்றிலும் அந்தப் பயனருக்கு எக்ஸ் (உள்ளே நுழையும்) அனுமதி வேண்டும். வாசல் பூட்டியிருக்க, உள்ளறை திறந்திருந்து என்ன பயன்? உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் டைரக்டரிகள் 750 அனுமதியுடன்தான் (உரிமையாளரும் அவர் குழுவும் தவிர யாரும் நுழைய முடியாது) உருவாகின்றன. உங்களுக்கும் அங்கேதான் தடை என்று நினைக்கிறேன். ஹோமைத் திறந்துவிடாதீர்கள். தளத்தை ‘/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ’வுக்கு மாற்றி, என்ஜின்எக்ஸ் அமைப்பில் ‘ரூட்’ எனக் குறித்திருக்கும் தளத்தின் பாதையையும் திருத்துங்கள். டைரக்டரிகளுக்கு 755 (எல்லோரும் நுழையலாம், உரிமையாளர் மட்டும் எழுதலாம்) போதும்.

அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் ‘ஜர்னல்சிடிஎல் -கே’வில் ஆப்ஆர்மரின் (நிரல்களைக் கட்டுப்படுத்தும் கூடுதல் பாதுகாப்பு அமைப்பு) மறுப்பு பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள்.

ப்ராசஸ் திரும்ப எழுவதற்குக் காரணம் பெரும்பாலும் சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்). சர்வீஸ் ஃபைலில் ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’ இருந்தால், நீங்கள் கொன்றதை விபத்தாகக் கருதி அது மீண்டும் தொடங்கிவிடும். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ உடன் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்தால் எந்த சர்வீஸுக்குச் சொந்தம் என்று காட்டும். அதை ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்’ மூலம் நிறுத்துங்கள். -9 கடைசி ஆயுதமாகவே இருக்கட்டும். எழுதிக்கொண்டிருப்பதை முடிக்கவோ பூட்டாகப் போட்ட ஃபைலை நீக்கவோ அது ப்ராசஸுக்கு அவகாசமே தராது, டேட்டாபேஸ் என்றால் தொடவே தொடாதீர்கள். ‘டி’ நிலையில் (டிஸ்க் போன்றவற்றின் பதிலுக்காகக் காத்து) நிற்கும் ப்ராசஸ் -9-க்கும் உடனே அசையாது. அப்போது டிஸ்க்கையோ என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) இணைப்பையோ சோதியுங்கள்.