அரசுப் பள்ளி மதிய உணவுக்கு ஒரு குழந்தைக்கு எவ்வளவு பணம் தருகிறார்கள்? சாம்பார் ஏன் தண்ணீராக இருக்கிறது?

"மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்கிறாள். அரசு தரும் பணம் எங்கே போகிறது, டீச்சர்மார் எடுத்துக்கொள்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரி இல்லாதிருந்தால் நான் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். 'டீச்சர்மார்' என்று எழுதியிருப்பதால் நீங்களும் எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கம்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நீங்கள் கேட்ட எண். பள்ளி மதிய உணவுக்கான மத்திய அரசின் பி.எம். போஷண் திட்டத்தில் 2025 மே முதல் தேதியிலிருந்து, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய் 78 காசு. ஆறிலிருந்து எட்டு வரை 10 ரூபாய் 17 காசு. பருப்பு, காய், எண்ணெய், மசாலா, கேஸ் எல்லாம் இதற்குள் அடக்கம். இதில் பெரும்பாலான மாநிலங்களில் நூற்றுக்கு 60 மத்திய அரசு, 40 மாநில அரசு. அரிசி தனியாக இலவசமாக வந்துவிடும், சின்ன வகுப்புக்குத் தலைக்கு 100 கிராம். மாநிலம் மனம் வைத்தால் இதற்கு மேலும் போடலாம், சில மாநிலங்கள் போடுகின்றன. பதில் இவ்வளவுதான். அவசரமாக இருப்பவர்கள் இதோடு போய்விடலாம்.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. (தொடக்க) பள்ளியில் எச்.எம். (தலைமை ஆசிரியை) ஆக இருந்து 2024 மே 31-ல் ஓய்வு பெற்றேன். பள்ளியின் பெயர் வேண்டாம். 86 குழந்தைகள். அப்பா அம்மா பெரும்பாலும் தென்னந்தோப்பு வேலை, செங்கல் சூளை, கொஞ்சம் பேர் தினமும் பொள்ளாச்சிப் பக்கம் பஸ் ஏறிக் கூலிக்குப் போகிறவர்கள்.

2023 ஜூனில் பள்ளி திறந்தபோது எங்களுக்கு இருந்த கணக்கைச் சொல்கிறேன். கேரளத்தில் 150 குழந்தைகள் வரை தலைக்கு 8 ரூபாய். அதற்கு மேல் 500 வரை 7, அதையும் தாண்டினால் 6. 2016-ல் வைத்த விலை. 2016-ல் துவரம்பருப்பும் கேஸ் சிலிண்டரும் என்ன விலை, 2023-ல் என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் கேளுங்கள். இந்த 8 ரூபாய்க்குள்தான் வாரத்தில் இரண்டு நாள் பால், ஒரு நாள் முட்டையும் வரும்.

86 பேருக்கு ஒரு நாளைக்கு 688 ரூபாய். பால் ஒரு பிள்ளைக்கு 150 மில்லி, மொத்தம் 13 லிட்டர் என்று வையுங்கள். லிட்டர் 50 என்று குறைத்தே போட்டாலும் 650. பால் கொடுக்கும் நாளில் மீதி 38 ரூபாய். அந்த 38 ரூபாயில் 86 பேருக்குச் சாம்பாரும் பொரியலும்! முட்டை நாளில் கொஞ்சம் பரவாயில்லை, முட்டை ஆறு ரூபாய் என்றால் 172 மிஞ்சும். வாரம் முழுக்கச் சேர்த்துப் பிரித்தால் ஒரு பிள்ளையின் குழம்புக்கும் கறிக்கும் கேஸுக்கும் நாலு ரூபாய்கூடத் தேறாது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

இதையும் கையில் தந்துவிட்டு நடத்தச் சொன்னால் ஒரு வழியாக ஓட்டலாம். எங்கள் ஊர் முறை அப்படியில்லை. எச்.எம். முதலில் செலவு செய்ய வேண்டும், மாதக் கடைசியில் கணக்கு எழுதி அனுப்ப வேண்டும், பணம் பிறகு வரும். அந்த வருடம் ஜூன் போனது, ஜூலை போனது, ஓணப் பண்டிகைக்கு முன் நடக்கும் ஓணப் பரீட்சையும் வந்தது, பணம் வரவில்லை. மத்திய அரசு தரவில்லை என்று மாநிலம் சொன்னது. மாநிலம் தன் பங்கைக் கணக்கில் போடவில்லை என்று மத்திய அரசு சொன்னது. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, இதில் கட்சிக்காரர்கள் வந்து சண்டை போட வேண்டாம். எனக்குத் தெரிந்தது மளிகைக் கடைப் பற்று நோட்டு மட்டும். ஆசிரியர் சங்கம் உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான் பணம் அசைந்தது. அப்புறம் முட்டை, பாலைத் தனித் திட்டமாகவும் பிரித்தார்கள்.

அதுவரை? கடைக்கார அண்ணன் ஜூலை வரை ஒன்றும் சொல்லவில்லை. ஆகஸ்டில் பருப்பு கேட்டு ஆள் அனுப்பினால் அரைக் கிலோ குறைத்துக் கட்டினார். பால் சொசைட்டிக்குக் கடன் சொல்ல முடியாது, அங்கே பால் ஊற்றுவதே எங்கள் பிள்ளைகளின் வீட்டு ஆட்கள். கடைசியில் இரண்டு வளையலைக் கழற்றி அடகு வைத்தேன். "இது என்ன உன் வீட்டுக் கல்யாணமா?" என்றார் வீட்டுக்காரர். தியாகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வருடம் கேரளத்தில் நிறைய எச்.எம்.கள் கடன் வாங்கித்தான் உலை வைத்தார்கள்.

அந்த மாதத்தில்தான் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) கூட்டத்தில் ஒரு தகப்பன் எழுந்து, "டீச்சர், நேத்து சாம்பாரை நானே வந்து பார்த்தேன், முகம் தெரியுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். அவர் படித்தார், நிதானமாக, விரல் வைத்து. படித்துவிட்டு, "அப்ப எதுக்குங்க டீச்சர் நடத்தறீங்க, நிறுத்திப் போடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாகப் போனது.

ஏன் நிறுத்த முடியாது என்றால், எங்கள் சமையல் அக்காவிடம் கேட்க வேண்டும். திங்கட்கிழமை மட்டும் அவர் அரிசி கூடப் போடுவார். கணக்குப்படி 8 கிலோ 600 கிராம். திங்கட்கிழமை அது பத்தாது, இரண்டாம் முறை கேட்கும் பிள்ளைகள் அன்றைக்குத்தான் அதிகம். சனி, ஞாயிறு வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை பாதிப் பேர் சீக்கிரம் வயிறு நிரம்பி எழுந்துவிடுவார்கள், அன்றைக்கு மிச்சம் பிடித்து திங்களுக்குப் போடுவோம். மதிய உணவுக் கணக்கு எழுதும் கே2 ரெஜிஸ்டரில் இரண்டு நாளும் ஒரே அளவுதான் இருக்கும். இதையும் முறைகேடு என்று யாராவது வருவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு மணி அரிசி வெளியே போகவில்லை.

வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. எங்கள் பிள்ளைகளின் அத்தை, சித்தி பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். "அங்க தினமும் முட்டையாம் டீச்சர், காலைல டிபனுமாம்" என்பார்கள். உண்மைதான். அங்கே வாரம் ஐந்து முட்டை, காலை உணவு 2022-லிருந்து. அதைவிட எனக்குப் பொறாமை, சத்துணவுக்கு என்றே அமைப்பாளர் தனியாக இருப்பதில். எச்.எம். வளையலை அடகு வைக்க வேண்டியதில்லை. அங்கேயும் ஆயிரம் குறை இருக்கும், அங்கே இருப்பவர்கள் எழுதட்டும்.

சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தக் கணக்கு, சர்க்குலர், படிவம் எல்லாம் மலையாளத்தில் வரும். எனக்கு மலையாளம் தெரியும், பிரச்சினையில்லை. ஆனால் பி.டி.ஏ.யில் இருக்கும் தாய்மாருக்குத் தெரியாது, நான் வாசித்துச் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அவர்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? தமிழ்ப் பாடப்புத்தகமே ஓணப் பரீட்சை முடிந்து கைக்கு வந்த வருடங்கள் உண்டு. பிள்ளைகள் பழைய புத்தகத்தைக் கிழிசலோடு பங்கு போட்டுப் படித்தார்கள். அதற்கு எந்தச் சங்கமும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எடுக்கிற ஆட்கள் இல்லவே இல்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் முதலில் உங்கள் மகள் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், கடைசியாக எந்த மாதப் பணம் வந்தது, கடையில் எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். முடிந்தால் வியாழக்கிழமை போல ஒரு நாள் பதினோரு மணிக்குச் சமையலறைக்கே போங்கள். விளம்புகிற நேரத்தில் போனால் சாம்பார்தான் தெரியும், எத்தனை கிலோ பருப்பு போட்டார்கள் என்பது தெரியாது.

என் பணம் தவணை தவணையாக வந்து சேர்ந்தது. வளையலை டிசம்பரில் மீட்டேன். அடகுக்கடை வட்டியை மட்டும் எந்தப் பத்தியில் எழுதுவது என்று கே2-வில் தேடிப் பார்த்தேன், இல்லை.