மிதப்புக்கட்டையில் ஒரு தற்குறி: மீனவர் உடைமைக்குறிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (குடியாத்தம் வாசகர்): ஐயா, பால்டிக் கடலோர மீனவர்கள் வலையிலும் படகிலும் இட்ட வீட்டுக்குறிகள் ஒருவகை எழுத்தா?

பதில்: எழுத்தன்று. ஜெர்மனியின் ஹிடன்சே தீவில் மீனவக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி இருந்தது. மிதப்புக்கட்டை, துடுப்பு, வீடு என எல்லாவற்றிலும் அதையே இட்டார்கள். மரத்தில் கத்தியால் வளைவு கீறுவது கடினம் என்பதால் அக்குறிகள் பெரும்பாலும் நேர்க்கோடுகளாகவே அமைந்தன. அதைக் கண்டு, நேர்க்கோடுகளால் ஆன பழைய வட ஐரோப்பிய ரூனிக் எழுத்து என்று முடிவு கட்டுவது பிழை. அவற்றுக்கு ஒலி கிடையாது, உரியவர் மட்டுமே உண்டு. மகன் தனிக்குடித்தனம் போகும்போது தந்தையின் குறியோடு ஒரு கோட்டைச் சேர்த்துக்கொள்வது வழக்கமாதலால், கரை ஒதுங்கிய கட்டையைக் கண்டெடுத்தவர் அது எந்த வீட்டின் எந்தக் கிளைக்கு உரியது என்பதையும் அறிந்து, உரியவரிடம் சேர்க்க முடிந்தது.

கேள்வி (வாலாஜாபேட்டை வாசகர்): ஆவணங்களில் அவை செல்லுமா?

பதில்: அக்காலத்தில் செல்லுபடியாயின. எழுதத் தெரியாதவர்கள் கையொப்பத்துக்குப் பதிலாக அவற்றை இட்டார்கள். சட்ட அறிஞர் கார்ல் குஸ்தாவ் ஹோமையர் 1870இல் வீட்டுக்குறிகளைப் பற்றி ஒரு பெருநூலே வெளியிட்டார். இவ்விடத்தில் நம் சொல் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். எழுத்தறியாதவர் கையொப்பமாக இடும் கீறலே ‘தற்குறி’, அதாவது தன் குறி. இன்று அதை வசைச்சொல்லாக ஆளுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒருவர் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்று இட்ட அடையாளம் அது.

கேள்வி (காவேரிப்பாக்கம் வாசகர்): எங்கள் ஏரியில் வலை வீசுபவர்களிடம் இப்படிக் குறி எதையும் நான் கண்டதில்லை. நம் பக்கத்தில் இதற்கு ஈடு உண்டா?

பதில்: பலருடைய பொருள்கள் ஓரிடத்தில் கலக்கும்போதுதான் குறி தேவைப்படுகிறது, வீசிய வலையைக் கையோடு வீட்டுக்கு எடுத்துச் செல்பவருக்கு அத்தேவை குறைவு. நம் ஊரில் அப்படிக் கலந்தது ஆற்றங்கரைத் துணி. சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக வீட்டுக்கொரு குறி இட்டு, சுண்ணாம்பால் அதை நிலைக்கச் செய்தார்கள். எத்தனை வெளுப்புக்கும் அது போகாது. தோலில் பட்டால் கொப்பளிக்கும் அச்சாற்றோடு அன்றாடம் புழங்கியவர்களின் நினைவாற்றல், ஹிடன்சே மீனவரின் அறிவுக்குச் சற்றும் குறைந்ததன்று.

கேள்வி (ஆற்காடு வாசகர்): அரசே குறியை விதித்தது உண்டா?

பதில்: உண்டு. பால்டிக் கடலோரத்துக் குரோனியன் காயலில், எந்தப் படகு எந்த ஊருடையது என்று தொலைவிலிருந்தே அறிவதற்காக, பிரஷ்ய அரசின் மீன்வள அதிகாரி பேர்போம் 1844இல் ஊர்தோறும் தனிக்கொடியை ஏற்படுத்தினார். இன்று லிதுவேனியாவிலுள்ள நிடாவுக்குக் கறுப்பும் வெள்ளையும். கண்காணிப்புக்காக வந்த அக்கொடியைச் சுற்றி, மீனவர்கள் காலப்போக்கில் வீடு, மரம், விலங்கு என மரத்தில் செதுக்கிச் சேர்த்துத் தமக்கே உரியதாக்கிக்கொண்டார்கள்.