கேம் படங்களுக்கு வண்ணம் தீட்டக் கொடுக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மகன் தமிழ் வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வாயைத் திறந்தால் மைன்கிராஃப்ட், மாரியோ, போகிமான்தான். அந்தப் படங்களை வண்ணம் தீட்டும் தாள்களாக அச்சடித்துக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். கேம் மோகம் இதனால் இன்னும் கூடிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. வீட்டில் பிரின்டர் இல்லை. அடுத்த மாதம் அவன் பிறந்தநாளுக்கு இருபது பிள்ளைகள் வருவார்கள், அன்றைக்கும் இதையே வைக்க ஆசை. டீச்சரும் வகுப்புக்குச் சில தாள்கள் கேட்டிருக்கிறார். பள்ளி விழாவில் ஸ்டால் போட்டு விற்கலாமா என்றும் பேச்சு ஓடுகிறது. எப்படிச் செய்தால் சரியாக இருக்கும்?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். தாளில் இருக்கும் மாரியோ அடுத்த லெவலுக்கு வா என்று கூப்பிடுவதில்லை. பாதியில் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் எதுவும் தோற்றுப்போகாது. மோகத்தைக் கூட்டுவது படம் இல்லை, நாம் பேசும் பேரம்தான். "இந்தப் பக்கத்தை முடித்தால் அரை மணி நேரம் போன் தருகிறேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அவனுக்கு அந்தத் தாள் போனுக்கான டோக்கன் ஆகிவிடும். அவசர அவசரமாகக் கிறுக்கி நீட்டுவான். அதை மட்டும் செய்யாதீர்கள்.

படம் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைக்குப் பிடித்த கேம் எது என்று பார்ப்பதோடு, அந்தப் பக்கத்தில் அவன் தானே முடிவெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது என்றும் பாருங்கள். இணையத்தில் கிடைப்பவற்றில் பல, ஓரத்தில் அசல் நிறப் படத்தை ஒட்டி, அதைப் பார்த்து அப்படியே தீட்டு என்று சொல்லும் வகை. அதில் பிள்ளைக்குக் கைவேலை மட்டும்தான். நாலைந்து வயதுக்கு அது போதும். கோடு தடிமனாக, உருவம் ஒன்றே ஒன்றாக இருந்தால் சரி. உங்கள் மகனுக்கு எட்டு வயது இருக்கும். இந்த வயதில் நிறத்தை அவன்தான் தீர்மானிக்க வேண்டும்.

கேம் படங்கள் இதற்கு எவ்வளவு தோது என்பது அவற்றின் கதையைப் பார்த்தால் புரியும். மாரியோ முதன்முதலாக வந்தது 1981-ல், டாங்கி காங் என்ற கேமில். வரைந்தவர் ஷிகெரு மியாமோட்டோ. அன்றைய திரையில் ஓர் ஆளை வரையக் கிடைத்தவை ஒரு கைப்பிடிப் புள்ளிகள்தான். முடி வரைய இடமில்லாததால் தொப்பி, வாய் வரைய முடியாததால் மீசை, கை அசைவது தெரிய வேண்டும் என்று சட்டைக்கு ஒரு நிறம், தோளில் மாட்டும் கால்சட்டைக்கு வேறொரு நிறம். 1983-ல் தம்பி லூயிஜி வந்தபோது புதிதாக வரையவே இல்லை. அதே உருவத்துக்குப் பச்சையை மாற்றிப் போட்டார்கள். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் வானத்து மேகமும் தரைப் புதரும் ஒரே வடிவம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இதை உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். அந்தக் கேம் ஓடிய நின்டெண்டோ கருவியில் ஓர் உருவத்துக்கு ஒரு நேரத்தில் மூன்று நிறம்தான் கொடுக்க முடியும். ஆக, மூன்று நிறத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு முகத்தை உண்டாக்கினார்கள்.

வீட்டில் செய்ய நான் முதலில் சொல்லும் பயிற்சி இதிலிருந்துதான் வருகிறது. ஒரே படத்தை இரண்டு பிரதி எடுங்கள். முதல் பிரதியை அவன் இஷ்டத்துக்கு விடுங்கள். இரண்டாவதுக்கு மூன்று கிரேயான் மட்டும், எந்த மூன்று என்பது அவன் விருப்பம். மூன்றே மூன்று என்றதும் பிள்ளைகள் யோசிக்க ஆரம்பிப்பார்கள்: முகத்துக்கு எது, பின்னால் வானத்துக்கு எது, இரண்டும் ஒன்றாகிவிட்டால் முகம் தெரியுமா? ஓவிய வகுப்பில் நாங்கள் பல வாரம் சொல்லித்தரும் விஷயம் இது. அப்புறம் பின்புலம். பெரும்பாலான தாள்களில் உருவத்துக்குப் பின்னால் வெற்றிடமாக விட்டிருப்பார்கள். அங்கே உங்கள் ஊரை வரையச் சொல்லுங்கள். கரும்பனை, தென்னந்தோப்பு, தூரத்தில் வாளையாறு மலை. பனை உச்சியில் மாரியோ நிற்கட்டுமே. தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அடுத்து என்ன நடந்தது என்று ஒரு காட்சி வரையலாம். வண்ணம் தீட்டுவது வரைவதற்கு மாற்று இல்லை. இப்படி இரண்டையும் சேர்த்துவிட்டால் அந்தக் கவலை வேண்டாம்.

எந்தக் கேம் என்பதில் ஒரே ஒரு கண்டிப்பு. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமுக்கும் 3+, 7+, 12+ என்று வயது போட்டிருக்கும். துப்பாக்கிச் சண்டைக் கேம்களுக்கும் வண்ணத் தாள் கிடைக்கத்தான் செய்கிறது. மற்ற பையன்கள் ஆடுகிறார்கள் என்று அதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எடுக்காதீர்கள், பள்ளிக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மாரியோ, சோனிக், போகிமான், பேக்மேன், மைன்கிராஃப்ட் இவற்றிலேயே எடுத்து மாளாத படங்கள் உண்டு.

அச்சு விஷயத்துக்கு வருவோம். நின்டெண்டோ தன் சிறுவர் தளத்தில் வண்ணத் தாள்களை இலவசமாகவே தருகிறது, முதலில் அங்கே தேடுங்கள். மற்ற தளங்களில் 'டவுன்லோடு' என்று பெரிதாக மின்னும் பொத்தான் பெரும்பாலும் விளம்பரமாக இருக்கும். நமக்கு வேண்டியது பி.டி.எஃப். கோப்பு மட்டும். ஏதாவது செயலியை நிறுவச் சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். தேடலில் தெரியும் சின்னப் படத்தை அப்படியே சேமித்தால், ஏ4 தாளில் கோடெல்லாம் மங்கிப் பிசிறடிக்கும். ஏ4 அளவுக்குத் தெளிவாக விழ, படம் சுமார் 2,480-க்கு 3,508 பிக்சல் இருந்தால் நல்லது. கறுப்பு அடைத்த பெரிய பகுதிகள் உள்ள படத்தைத் தவிர்த்துவிடுங்கள். மையும் வீண், பிள்ளை தீட்ட இடமும் இல்லை.

பிரின்டர் இல்லாதது ஒரு குறையே இல்லை. ஃபோட்டோஸ்டாட் கடையில் எடுப்பதுதான் இந்த வேலைக்கு மேல். வீட்டு இங்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீர் பட்டால் கரையும். ஸ்கெட்ச் பேனா ஈரம் பட்டதும் கறுப்புக் கோடு இழுபட்டு முகம் முழுக்க அழுக்காகும். கடையில் உள்ள லேசர், ஜெராக்ஸ் இயந்திரங்களின் டோனர் தூள் சூட்டில் தாளோடு ஒட்டிவிடுவதால் கரையாது. கடைக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும், கோடு கெடும்.

தாள்: கடையில் சாதாரணமாக இருப்பது 70 அல்லது 75 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு). கிரேயானுக்கும் கலர் பென்சிலுக்கும் இது தாராளம். ஸ்கெட்ச் பேனா என்றால் பின்பக்கம் ஊறும், 100 ஜி.எஸ்.எம். கேளுங்கள். வாட்டர் கலர் என்றால் இந்தத் தாள் எதுவும் ஆகாது. 200-க்குக் குறையாத கெட்டித் தாள் வேண்டும், எல்லா இயந்திரமும் அதை இழுக்காது என்பதால் முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஆயில் பேஸ்டலை உங்கள் ஊர் மார்ச், ஏப்ரல் வெயிலில் நான் சொல்லமாட்டேன். இளகி, தாளிலும் சட்டையிலும் ஈஷும்.

தாளே அச்சடிக்காமலும் இதைச் செய்யலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும், அதிலும் உங்கள் மகனுக்குப் பிடித்த மைன்கிராஃப்டுக்கு. அதில் ஓர் ஆளின் முகம் என்பது எட்டுக்கு எட்டு கட்டம், மொத்தம் 64. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் எட்டு வரிசை குறித்தால் முகம் தயார். அந்தக் கேமில் வரும் கிரீப்பர் என்ற பச்சை அரக்கனின் கண்கள் தலா நாலு கட்டம், நடுவே கீழே இறங்கும் வாய், மீதியெல்லாம் பச்சை. அது முடிந்ததும் "இதே 64 கட்டத்தில் பாட்டி முகம் வருமா பாரு" என்று கேளுங்கள். மூக்குத்திக்கு ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும், பொட்டுக்கு ஒன்று. பிள்ளை அழித்து அழித்துப் போடுவான், விட்டுவிடுங்கள். மியாமோட்டோ பட்ட பாடு அப்போது அவன் கைக்குத் தெரியும்.

டீச்சருக்கு இதையே கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். வகுப்பில் வெறுமனே வண்ணம் தீட்ட ஒரு பீரியடை ஒதுக்குவதை நான் ஆதரிக்கமாட்டேன்; பாடத்தோடு சேர்ந்தால்தான் அது நிற்கும். 64 கட்டத்தில் கால் பங்கு பச்சை, அரைப் பங்கு மஞ்சள் என்று சொன்னால் பின்னம் வந்துவிடும். பெருக்கல் விடைக்கு ஏற்ப நிறம் (24 வந்தால் சிவப்பு, 36 வந்தால் நீலம்) என்று கட்டங்களில் கணக்கை எழுதிக் கொடுத்தால், கடைசியில் பேக்மேனைத் துரத்தும் பேய் ஒன்று தாளில் எழுந்து நிற்கும். விடை தப்பினால் படமே காட்டிக்கொடுக்கும்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு டெட்ரிஸ். 1980-களின் நடுவில் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய இந்தக் கேமில் ஏழு வகைத் துண்டுகள், ஒவ்வொன்றும் நாலு கட்டம். ஏழையும் தாளில் வெட்டிக் கொடுத்து, நாலுக்கு ஏழு செவ்வகத்தில் அடுக்கச் சொல்லுங்கள். மொத்தம் 28 கட்டம், கணக்குப்படி சரியாக இருக்கிறதே, எவ்வளவு முயன்றும் ஏன் அடங்கவில்லை என்று வகுப்பே முட்டிமோதும். அப்போது செவ்வகத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டச் சொல்லுங்கள். கறுப்பு 14, வெள்ளை 14. ஏழு துண்டில் ஆறு, எங்கே வைத்தாலும், இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மூடும். 'டி' வடிவத் துண்டு மட்டும் ஒரு நிறத்தில் மூன்றை, இன்னொன்றில் ஒன்றை மூடும். ஆக 15-க்கு 13 வருகிறது. 14-க்கு 14 வரவே வராது. அடுக்க முடியாது என்பதை நிறமே நிரூபித்துவிட்டது! ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கணித நிரூபணத்தை இவ்வளவு சுலபமாகக் கையில் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியாது.

பிறந்தநாளுக்கு வருவோம். இருபது பேருக்கு இருபது வேறு படம் எடுத்தால் "எனக்கு அது வேணும்" சண்டைதான். மூன்று படம் போதும். அரை ஏ4 அளவில் எடுத்தால் ஒரு தாளில் இரண்டு வரும், இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். கேக் வெட்டுவதற்கு முன்னால் வைத்துவிடுங்கள். கிரீம் விரலோடு யாரும் தாளைத் தொடக் கூடாது. பரிசுப் போட்டி வேண்டாம், அந்த வயதில் ஒருவன் ஜெயிப்பதும் மற்றவர்கள் முகம் சுருங்குவதும் விருந்தைக் கெடுக்கும். எனக்குப் பிடித்தது கூட்டுப் படம்: ஒரே பெரிய படத்தை இருபது துண்டாக அச்சடித்து ஆளுக்கு ஒன்று. அக்ரோபேட் ரீடரில் அச்சுக்குப் போகும் இடத்தில் 'போஸ்டர்' என்ற தேர்வு இதைச் செய்துவிடும், கடைக்காரரிடம் சொன்னால் புரியும். துண்டுகளின் பின்னால் மறக்காமல் எண் போட்டு வையுங்கள். ஒவ்வொருவனும் ஒவ்வொரு நீலத்தில் வானம் தீட்டியிருப்பான், சுவரில் சேர்த்து ஒட்டினால் அதுதான் அழகு.

தோப்பில் விருந்து என்றால் காற்றை மறந்துவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு இருபது தாளும் வாய்க்காலில் கிடக்கும். பரீட்சை அட்டையும் கிளிப்பும் ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். அலங்காரத்துக்குத் தெர்மோகோல் எழுத்து வாங்க வேண்டாம். 2022 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் அதற்குத் தடை இருக்கிறது, ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளைக் கேரளம் 2020-லேயே தடைசெய்துவிட்டது. பிள்ளைகள் முன்கூட்டியே தீட்டிய முகங்களை வெட்டி நூலில் கோத்துத் தொங்கவிட்டாலே பந்தல் நிறைந்துவிடும்.

கடைசியாக ஸ்டால். வீட்டில் சொந்த உபயோகத்துக்கு எடுப்பதற்கும், ஆசிரியர் பாடம் நடத்தும்போது பிரதி எடுத்துக்கொள்வதற்கும் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. விற்பது அதில் சேராது. பள்ளிக்கு நிதி திரட்டத்தான் என்றாலும் மாரியோவும் போகிமானில் வரும் பிகாச்சுவும் அந்தந்த நிறுவனத்தின் சொத்து. அவர்கள் அனுமதி இல்லாமல் ஐந்து ரூபாய்க்குக்கூட விற்கக் கூடாது. ஸ்டால் வேண்டும் என்றால் பிள்ளைகளிடமே கேளுங்கள்: எட்டுக்கு எட்டு கட்டத்தில் ஆளுக்கு ஒரு புது ஆசாமி. கள் இறக்குபவர், பஸ் கண்டக்டர், வாளையாறு யானை, எதுவாகவும் இருக்கட்டும். அவற்றைக் கறுப்புக் கோட்டில் நகலெடுத்து, தீட்டாத தாளாகக் கட்டி, வரைந்த பிள்ளையின் பெயரைக் கீழே போட்டு விற்கலாம். பெற்றோரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.