சீர்திருத்தத்தால் வாழ்க்கை மேம்பட்டுக்கொண்டிருந்த சீனாவில், 1989-ல் அத்தனை பேர் ஏன் தெருவுக்கு வந்தார்கள்?

'மாணவர்கள் ஜனநாயகம் கேட்டார்கள், ராணுவம் சுட்டது' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பொய்யில்லை. ஆனால் ஆலைத் தொழிலாளிகளும் அலுவலக ஊழியர்களும் பெய்ஜிங் தெருக்களில் லட்சக்கணக்கில் மாணவர்களோடு சேர்ந்ததற்கு அதில் விளக்கம் இல்லை. அதற்கு, ஒரே சரக்குக்கு இரண்டு விலை இருந்த கதையைப் பார்க்க வேண்டும்.

1978 டிசம்பரில் நடந்த கம்யூனிஸ்ட் கட்சி மத்தியக் குழுக் கூட்டத்துக்குப் பிறகு நடந்த கிராமச் சீர்திருத்தம் எளிதாகவே முடிந்தது. நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அரசுக்கு அளக்க வேண்டியதை அளந்தபின் மிச்சம் உழுதவனுக்கு. 1978-ல் சுமார் 30 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 1984-ல் 40 கோடி டன்னைத் தாண்டியது. இதில் பெரிதாக நஷ்டப்பட்டவர் என்று யாருமில்லை. சிக்கல் ஆரம்பித்தது நகரத்தில்.

ஆலைகளுக்கு வகுத்த ஏற்பாடு இது: திட்டப்படி தர வேண்டிய அளவை அரசு விலைக்குக் கொடு, அதற்கு மேல் செய்ததைச் சந்தை விலைக்கு விற்றுக்கொள். அந்த உபரிச் சரக்கை அரசு விலையைவிட 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றி விற்கக் கூடாது என்றிருந்த வரம்பையும் 1985 தொடக்கத்தில் நீக்கிவிட்டார்கள். பழைய ஒதுக்கீடும் கெடாது, கூடுதலாகச் செய்ய ஆசையும் வரும். உண்மையிலேயே உற்பத்தி பெருகியது. பொருளாதார வல்லுநர்கள் பலர் இன்றுவரை பாராட்டும் யோசனை இது.

ஓட்டை எங்கே? கணக்குக்காக, ஒரு டன் எஃகு அரசு விலையில் 700 யுவான், சந்தையில் 1,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 டன்னை அரசு விலையில் வாங்க ஒதுக்கீட்டுச் சீட்டு கிடைத்தவருக்கு, எஃகைக் கண்ணால்கூடப் பார்க்காமல் 7 லட்சம் யுவான் லாபம். 1988-ல் நகரத் தொழிலாளியின் சராசரி ஆண்டுச் சம்பளம் 1,747 யுவான். அதாவது 400 வருடச் சம்பளம், ஒரே தாளில். சரக்கு கிடங்கில் இருக்க, சீட்டு மட்டும் கை மாறும். ஒவ்வொரு கையும் கொஞ்சம் ஏற்றும். சீட்டில் கையெழுத்துப் போடுபவர் அதிகாரி. வாங்குவது அவருடைய பிள்ளையோ மைத்துனரோ, அல்லது அவர் துறையே தொடங்கிய கம்பெனியோ. இதற்கு மக்கள் வைத்த பெயர் 'குவான்தாவ்'. குவான் என்றால் அதிகாரி. தாவ் என்றால் வாங்கிக் கைமாற்றி விற்பது. 1989 கோஷங்களில் ஜனநாயகத்துக்குச் சளைக்காமல் ஒலித்த சொல் இதுதான்.

இதோடு விலைவாசியும் ஏறியது. உள்ளூர் அரசுகள் வங்கிக் கிளைகளை நெருக்கிக் கடன் வாங்கின, ஆலைகள் போனஸை அள்ளிக் கொடுத்தன. 1988 ஒரே வருடத்தில் புழக்கத்தில் இருந்த ரொக்கம் ஏறத்தாழ 47 சதவீதம் கூடியது. அந்த ஆண்டு நுகர்வோர் விலை உயர்வு 18.8 சதவீதம். ஓராண்டு வைப்புத்தொகைக்கு ஆகஸ்ட் வரை வட்டி 7.2. பணத்தை வங்கியில் வைத்திருப்பதே நஷ்டம் என்று சாதாரணக் குடும்பத்துக்கும் புரிந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான், இரட்டை விலையை ஒரே மூச்சில் ஒழித்துவிடலாம் என்று நாட்டின் உச்சத் தலைவர் டெங் சியாவோபிங் முடிவெடுத்தார். நோக்கத்தில் தவறில்லை. விலை ஒன்றானால் குவான்தாவுக்கு வேலையே இல்லை. நேரம்தான் படுமோசம். ஜூலை இறுதியில் உயர்ரக மது, சிகரெட் விலைகளைத் திறந்துவிட்டார்கள். பல மடங்கு எகிறின. ஆகஸ்ட் மத்தியில் பெய்தைஹே கடற்கரை ஊரில் கூடிய கட்சியின் அரசியல் குழு, விலைச் சீர்திருத்தத் திட்டத்தைக் கொள்கையளவில் ஏற்றது. 19-ம் தேதி செய்தி வெளியானதும் நகரங்களில் வரிசை நீண்டது. உப்பு, தீப்பெட்டி, சோப்பு, துணி, தொலைக்காட்சிப் பெட்டி என்று எது கிடைத்தாலும் வாங்கினார்கள். சேமிப்பை எடுக்க வங்கிகளில் கூட்டம். வீடுகளின் மொத்தச் சேமிப்பு சுமார் 38,000 கோடி யுவான். அது முழுவதும் கடைக்கு வந்தால் எந்த அரசும் தாங்காது. ஆகஸ்ட் 30-ம் தேதி அரசு பின்வாங்கியது. செப்டம்பர் 10 முதல், மூன்றாண்டும் அதற்கு மேலுமான வைப்புக்கு விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வட்டி தரப்பட்டது. மாத இறுதியில் கடனை இறுக்கிக் கட்டுமானங்களை நிறுத்தினார்கள்.

ஆக 1989 பிறக்கும்போது விலை உயர்வு நிற்கவில்லை, இரட்டை விலை போகவில்லை. கூடுதலாக, கட்டுமான வேலைக்கு வந்த கிராமத்தார் வேலையிழந்து நின்றார்கள். ஏப்ரல் 15-ல், மாணவர்களிடம் மென்மையாக நடந்ததாக 1987-ல் பதவி இழந்த முன்னாள் கட்சிப் பொதுச்செயலாளர் ஹூ யாவோபாங் இறந்தார். அஞ்சலிக்குக் கூடிய மாணவர் கூட்டம் போராட்டமானது. மாணவர்கள் முன்வைத்த ஏழு கோரிக்கைகளில் ஒன்று, தலைவர்களும் அவர்கள் குடும்பமும் தங்கள் வருமானத்தை வெளியிட வேண்டும் என்பது. இன்னொன்று கல்விச் செலவையும் படித்தவர்களின் சம்பளத்தையும் உயர்த்துவது. தொழிலாளர் தன்னாட்சிச் சங்கத்தின் துண்டறிக்கைகள் விலைவாசியையும் அதிகாரிகளின் ஆடம்பரத்தையும் நேராகவே கேட்டன. மாணவர்கள் இவர்களைத் தியானன்மென் சதுக்கத்தின் ஓரத்திலேயே நிறுத்தி வைத்தார்கள் என்பது அதிகம் பேசப்படாத சங்கதி. ராணுவம் சுட்ட ஜூன் 4-க்குப் பிறகு மாணவர் தலைவர்களுக்குச் சிறையும் நாடுகடந்த வாழ்வும். மரண தண்டனைக்கு ஆளானதாகத் தெரியவந்தவர்கள் பெரும்பாலும் தொழிலாளிகளும் வேலையற்றவர்களும்.

விலைவாசி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 1994-ல் விலை உயர்வு 24.1 சதவீதம், 1988-ஐவிட அதிகம். அப்போது சதுக்கம் நிரம்பவில்லை. பயம் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் ஒதுக்கீட்டுச் சீட்டு வியாபாரம் பெரும்பாலும் செத்துவிட்டிருந்தது. விலையோடு ஏறும் வட்டி 1993-லேயே திரும்ப வந்திருந்தது. மேலிடத்திலும் வெளிப்படையான பிளவு இல்லை. 1989-ல் ஏப்ரல் 26 அன்று கட்சியின் பத்திரிகையான மக்கள் நாளிதழின் தலையங்கம் போராட்டத்தைக் 'கலவரம்' என்றது. மே 4-ல் கட்சிப் பொதுச்செயலாளர் ஜாவோ ஜியாங், மாணவர்களின் கோரிக்கையில் நியாயம் உண்டு என்ற தொனியில் பேசினார். என் பார்வையில், கூட்டம் கலையாமல் பெருகியதற்கு அந்த இரட்டைக் குரல் முக்கியக் காரணம்.

இரட்டை விலை எப்படித்தான் ஒழிந்தது என்று கேட்டால், விடை கொஞ்சம் வேடிக்கையானது. சந்தையை அவ்வளவாக நம்பாத பிரதமர் லீ பெங்கின் அரசு 1988 இறுதியிலிருந்து கடனை இறுக்கியதில் தேவை விழுந்தது. 1990-ல் விலை உயர்வு 3.1 சதவீதத்துக்கு இறங்கியது. அரசு விலைக்கும் சந்தை விலைக்கும் இருந்த இடைவெளி பல சரக்குகளில் சுருங்கியது. 1992-ல் டெங் தெற்கே பயணம் போய்ச் சீர்திருத்தத்தை மறுபடி முடுக்கியபோது விலைகளை ஒன்றாக்கினார்கள். இம்முறை யாரும் உப்பு மூட்டைக்கு வரிசையில் நிற்கவில்லை.